மாட்டின் வயிற்றில் பிளாஸ்டிக், கம்பி: அறுவை சிகிச்சைக்கு எப்போது போக வேண்டும்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம், மாத்தூர், வல்லம் பகுதிகளில் மாடு வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: "மாடு நல்லாத்தான் இருந்தது. ரெண்டு மாசமா சரியா தின்னலை. வயிறு உப்புது, மருந்து கொடுத்தா இறங்குது, திரும்ப உப்புது. பால் பாதியா குறைஞ்சு போச்சு." கடைசியில் மாடு எலும்பும் தோலுமாகி, கிடைத்த விலைக்கு அடிமாடாகப் போய்விடுகிறது.

இப்படிப் போகும் மாடுகளில் பலவற்றின் வயிற்றுக்குள் இருப்பது பிளாஸ்டிக் அல்லது கம்பி. இதற்கு மருந்து கிடையாது. வயிற்றைத் திறந்து வெளியே எடுப்பதுதான் வழி. அந்த அறுவை சிகிச்சை புதிதும் அல்ல, அரிதும் அல்ல. கால்நடை மருத்துவர்கள் பல காலமாகச் செய்து வருவதுதான். மாடு பிழைக்குமா என்பது பெரும்பாலும் நீங்கள் எத்தனை சீக்கிரம் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நம் பகுதியில் ஏன் கூடுதல் கவனம் வேண்டும்?

சிப்காட் பூங்காக்கள் வந்த பிறகு மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. ஏரிக்கரை, சாலையோரம், காலி மனை, மதில் ஓரம் என்று கிடைத்த இடத்தில்தான் மாடுகள் மேய்கின்றன. அந்த இடங்களில் புல்லோடு சேர்ந்து கிடப்பவை என்ன என்று ஒருநாள் நடந்து பாருங்கள். பெட்டிகளைச் சுற்றி வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாள், பெட்டி கட்டும் பட்டை, மரப்பலகையிலிருந்து உதிர்ந்த ஆணி, கட்டட வேலையில் வெட்டிப் போட்ட கட்டுக்கம்பி, டயர் எரித்த இடத்தில் மிஞ்சும் மெல்லிய எஃகு இழை. இவற்றோடு சாலையோரக் கடைகளின் சாம்பார் பை, சட்னி பை, பார்சல் கவர்.

உணவு வாசனை உள்ள பையை மாடு அவிழ்த்துத் தின்னாது. பையோடு விழுங்கிவிடும். மாடு உதட்டால் பொறுக்கித் தின்னும் பிராணி அல்ல. நாக்கைச் சுழற்றி இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கும். பிறகு அசை போட்டுக் கொள்ளலாம் என்பது அதன் உடல் அமைப்பு. ஆடு உதட்டால் பொறுக்கும். அதனால் கம்பி விழுங்குவது ஆட்டில் குறைவு. ஆனால் பிளாஸ்டிக் விழுங்குவதில் ஆடும் விதிவிலக்கல்ல.

தாது உப்பு, முக்கியமாக பாஸ்பரஸ் குறைந்த மாடு, பசி இல்லாதபோதும் துணி, பை, கயிறு, எலும்பு என்று கண்டதைக் கடிக்கும். உங்கள் மாடு கொட்டகைச் சுவரை நக்குகிறது, கயிற்றைக் கடிக்கிறது என்றால் அதை ஒரு முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் வயிறுதான் பெரியது. வளர்ந்த மாட்டில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். இடப்பக்கம் முழுவதும் அதுவே. அதன் முன்னால், நெஞ்சுக்கூட்டை ஒட்டி, தேன்கூடு போன்ற உள்சுவர் கொண்ட இரண்டாம் வயிறு இருக்கிறது. இதற்கும் இதயத்துக்கும் இடையே உதரவிதானம் என்ற மெல்லிய தசைச் சுவர் மட்டுமே உண்டு.

பிளாஸ்டிக் முதல் வயிற்றில் தங்கும். அது செரிக்காது, சாணத்திலும் எளிதில் வெளியேறாது. ஒரு பை, அதன்மேல் ஒரு கயிறு, அதன்மேல் இன்னொரு பை என்று மாதக்கணக்கில் பின்னிப் பின்னிப் பந்தாகிவிடும். தீவனத்துக்கு இடம் குறையும். வயிறு சரியாகச் சுருங்கி விரியாது. காற்று வெளியேற வழியில்லாமல் உப்புசம் வரும். இது மெதுவாக வளரும் நோய்.

கம்பியும் ஆணியும் கனமானவை. அவை நேராக இரண்டாம் வயிற்றில் போய் விழும். அந்த வயிறு சுருங்கும்போது கூர்முனை சுவரில் குத்தும். முன்பக்கமாகக் குத்தினால் உதரவிதானத்தைத் தாண்டி இதய உறையை எட்டும். சினை முற்றிய மாட்டிலும், கன்று ஈனும் நேரத்திலும் வயிற்றின் அழுத்தம் கூடுவதால் உள்ளே சும்மா கிடந்த கம்பி முன்னே நகர்ந்துவிடும். அதனால்தான் பல மாடுகள் ஈன்ற சில நாட்களில் திடீரென்று படுத்துவிடுகின்றன. இது வேகமான நோய். பிளாஸ்டிக் உங்களுக்கு மாதங்கள் அவகாசம் தரும். கம்பி சில நாட்கள்தான் தரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பிளாஸ்டிக் சேர்ந்திருந்தால்:

- உப்புசம் வரும், மருந்தில் இறங்கும், சில நாட்களில் திரும்ப வரும்
- தீவனத்தை முகர்ந்து பார்த்து விட்டுவிடும், அல்லது கொஞ்சம் தின்று நிறுத்திவிடும்
- அசை போடும் நேரம் குறையும்
- சாணம் கொஞ்சமாக, சில சமயம் சளியோடு வரும்
- பால் மெல்ல மெல்லக் குறையும், மாடு மெலியும், ஆனால் வயிறு மட்டும் பெரிதாகத் தெரியும்
- இடப்பக்க வயிற்றுப் பள்ளத்தில் கைமுட்டியால் அழுத்தினால் பிசைந்த மாவு போல இருக்கும்

கம்பி குத்தியிருந்தால்:

- ஒரே நாளில் தீவனமும் பாலும் சட்டென்று விழுந்துவிடும்
- முதுகை வளைத்து நிற்கும், முன்னங்கால் முட்டியை வெளிப்பக்கம் விரித்து நிற்கும்
- படுக்கவும் எழவும் தயங்கும், சரிவில் இறங்க மறுக்கும்
- எழும்போதும் சாணம் போடும்போதும் முனகும்
- லேசான காய்ச்சல் இருக்கும் (மாட்டின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்)
- நோய் முற்றினால் கழுத்து நரம்பு கயிறு போலப் புடைக்கும், தாடையின் கீழும் அலைதாடியிலும் நீர் கோத்து வீங்கும்

கடைசியாகச் சொன்ன கழுத்து நரம்புப் புடைப்பும் வீக்கமும் இதய உறை பாதிக்கப்பட்டதன் அடையாளம். அந்தக் கட்டத்தில் அறுவை செய்தாலும் மாட்டைக் காப்பாற்றுவது மிகக் கடினம். அதற்கு முன்பே போக வேண்டும்.

தினமும் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. மாட்டின் இடப்பக்கப் பள்ளத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்து இரண்டு நிமிடம் நில்லுங்கள். நல்ல மாட்டில் வயிறு நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை எழும்பி அடங்குவது கைக்குத் தெரியும். அந்த அசைவு நின்றுபோயிருந்தாலோ மிகவும் குறைந்திருந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எத்தனை நாள் காத்திருக்கலாம்?

ஒரு மாதத்தில் இரண்டாவது முறை உப்புசம் வந்தால், மூன்றாவது முறைக்குக் காத்திருக்காதீர்கள். "செரிமானக் கோளாறு" என்று கடையில் மருந்து வாங்கிக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் "வயிற்றில் ஏதாவது இருக்குமா, பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். மாடு எங்கே மேய்கிறது, என்ன தின்னும், எப்போது ஈன்றது, இதற்கு முன் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பாதி நோய் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

கம்பி அறிகுறி தெரிந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள். ஆரம்ப நிலை என்றால் சில மாடுகளுக்கு வாய் வழியே காந்தம் செலுத்தி, ஊசி மருந்து போட்டு, முன்னங்கால் உயரமாக இருக்கும்படி மேடையில் கட்டி வைத்து இரண்டு மூன்று நாள் பார்ப்பார்கள். தேறாவிட்டால் அறுவைதான்.

உப்புசம் என்றவுடன் மூங்கில் குழாயில் எண்ணெயோ சோடா கரைசலோ ஊற்றுவது நம் வழக்கம். மாட்டின் தலையை மிகவும் தூக்கிப் பிடித்து, நாக்கை இழுத்துக்கொண்டு ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்று நோயோடு போன மாடு நுரையீரல் நோயில் செத்துப்போகும். மூச்சுத் திணறும் அளவு உப்புசம் இருந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தால் கம்பியும் ஆணியும் தெரியும். பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்றால் வயிறு சுத்தம் என்று பொருள் கொள்ளக்கூடாது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆசனவாய் வழியே கைவிட்டுப் பார்ப்பது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார்.

அறுவை எப்படி நடக்கும்?

பலர் பயப்படுவது இதற்குத்தான். "வயித்தைக் கிழிச்சா மாடு தாங்குமா?" என்று கேட்கிறார்கள். என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் குறையும்.

பெரும்பாலும் மாட்டை நிற்க வைத்தே செய்வார்கள். முழு மயக்கம் தேவைப்படாது. இடப்பக்க விலாவுக்குப் பின்னால் முடி மழித்து, கிருமிநாசினியால் சுத்தம் செய்வார்கள். முதுகெலும்பின் ஓரமாகவும் வெட்டும் இடத்திலும் லிக்னோகெயின் ஊசி போட்டு அந்தப் பக்கத்தை மரத்துப்போகச் செய்வார்கள். தோல், தசை அடுக்குகளைத் திறந்து முதல் வயிற்றை வெளியே இழுத்து, தோலோடு சேர்த்துத் தற்காலிகமாகத் தைத்துவிடுவார்கள் அல்லது வளையம் போட்டுப் பிடிப்பார்கள். வயிற்றுக்குள் இருக்கும் அழுக்கு ஒரு சொட்டுக்கூட உடலுக்குள் சிந்தக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

பிறகு வயிற்றைத் திறந்து, தோள் வரை கைவிட்டு பிளாஸ்டிக்கை எடுப்பார்கள். அப்படியே முன்பக்கம் கையை நீட்டி இரண்டாம் வயிற்றையும் தடவி, ஆணி, கம்பி இருக்கிறதா என்று தேடுவார்கள். எல்லாம் எடுத்த பின் வயிற்றுச் சுவரை இரண்டு அடுக்காகத் தைத்து, தசையைத் தைத்து, கடைசியில் தோலைத் தைப்பார்கள். உள்ளே நல்ல நுண்ணுயிர்கள் திரும்ப வளர, ஆரோக்கியமான மாட்டின் வயிற்று நீரைக் கொடுப்பதும் உண்டு.

2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்த அறுவை எல்லா நாளிதழ்களிலும் வந்தது. திருமுல்லைவாயலிலிருந்து கொண்டுவரப்பட்ட, கன்று ஈன்று சில வாரமே ஆன ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு சிமெண்ட் மூட்டையைவிட அதிக எடை அது. அந்தப் பசுவும் பால் குறைந்து, வயிற்று வலியில் தவித்த பிறகுதான் கொண்டுவரப்பட்டது. அரசு மருத்துவமனை என்பதால் கட்டணம் மிகக் குறைவு என்றும் அப்போது செய்தி வந்தது. "ஆபரேஷன் என்றால் ஆயிரக்கணக்கில் ஆகுமே" என்று நினைத்துத் தள்ளிப்போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மருந்துக் கடையில் மாதம் மாதம் கொடுக்கும் பணத்தையும், குறைந்த பாலையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

போகும் முன்

முதலில் உங்கள் ஊர் கால்நடை மருந்தக மருத்துவரைப் பாருங்கள். அவர் பரிசோதித்து, எங்கே அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். நடமாட முடியாத மாட்டுக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

- அறுவைக்கு முன் எத்தனை மணி நேரம் தீவனமும் தண்ணீரும் நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள்
- மாடு சினையா, எத்தனை மாதம் என்று சொல்லுங்கள். நிறை சினையாக இருந்தால் அறுவையா, காத்திருப்பதா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்
- வண்டியில் வைக்கோல் பரப்பி, மாடு வழுக்காமல் நிற்க வைத்துக் கொண்டுபோங்கள்
- கன்றுக்கு வேறு மாட்டின் பாலுக்கு ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள்

வீட்டுக்கு வந்த பிறகு

அறுவையில் பாதி வேலை மருத்துவருடையது. மீதிப் பாதி உங்களுடையது. முதல் இரண்டு வாரம் கவனமாக இருந்தால் போதும்.

- முதல் சில நாட்கள் இளம் பசும்புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். தண்ணீரையும் அப்படியே கொடுங்கள். தவிடு, புண்ணாக்கு, அரிசிச் சோறு, கஞ்சி வேண்டாம். அடர்தீவனத்தை மருத்துவர் சொன்ன பிறகு மெதுவாகத் தொடங்குங்கள்
- எழுதிக் கொடுத்த ஊசியை எல்லா நாளும் போடுங்கள். மூன்றாம் நாளே மாடு தின்கிறது என்று நிறுத்தாதீர்கள்
- காய்ந்த, சுத்தமான இடத்தில் தனியாகக் கட்டுங்கள். மற்ற மாடு முட்டாமல், தையலை நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்
- ஈ உட்கார்ந்தால் புண்ணில் புழு வைக்கும். மருத்துவர் தரும் ஈ விரட்டியைச் சுற்றிலும் அடியுங்கள். மண்ணெண்ணெய், ஃபினாயில், சாம்பல், சாணம் எதையும் தையல்மேல் வைக்காதீர்கள்
- தோல் தையலை 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்
- நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்ட மாட்டின் பாலை, மருத்துவர் சொல்லும் நாள் வரை சொசைட்டிக்கு ஊற்றவும் கூடாது, வீட்டுக்கும் எடுக்கக் கூடாது

இரண்டு மூன்று நாளாகியும் அசை போடாமல் இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் சீழ் வந்தாலோ, தையலைச் சுற்றி அழுத்தினால் நொறுநொறுவென்று காற்று இருப்பது போலத் தெரிந்தாலோ, உடனே அறுவை செய்த மருத்துவருக்குத் தெரியப்படுத்துங்கள்.

திரும்ப வராமல் இருக்க

வயிற்றைச் சுத்தம் செய்து கொண்டுவந்த மாட்டை அதே மதில் ஓரத்தில் அவிழ்த்துவிட்டால், ஆறு மாதத்தில் அதே இடத்தில்தான் நிற்பீர்கள்.

மேய்ச்சலுக்கு மாற்று, சொந்தத் தீவனம். கால் ஏக்கர் இருந்தாலும் கோ-4 அல்லது கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நடுங்கள். வயிறு நிறைந்த மாடு குப்பைக்குப் போவது குறையும். கறவை மாட்டுக்கு நாள் ஒன்றுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவை சேருங்கள். காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் தீவனம், தாது உப்பு பற்றிய ஆலோசனை கிடைக்கும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு அது பக்கம்தான்.

விடுதி, கேன்டீனில் மிஞ்சும் சோறு வாங்கிப் போடுபவர்கள், மாட்டின் முன் அப்படியே கொட்டாதீர்கள். தரையில் பரப்பி, பை, ரப்பர் பேண்டு, ஊறுகாய்ப் பாக்கெட், ஸ்டேப்ளர் பின் எல்லாம் பொறுக்கிய பிறகே கொடுங்கள். அதிலும் சோறு அளவோடுதான். அதிகமானால் வயிற்றில் புளிப்பேறி அதுவே உயிரை வாங்கும்.

கம்பிக்கு ஒரு எளிய பாதுகாப்பு உண்டு. சுண்டுவிரல் நீளக் காந்தத்தை மருத்துவர் ஒருமுறை வாய் வழியே செலுத்திவிட்டால், அது இரண்டாம் வயிற்றிலேயே தங்கி, வரும் ஆணியையும் கம்பியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சுவரில் குத்தாது. இது இரும்புக்கு மட்டும்தான். செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக்கை அது தடுக்காது. கொட்டகை பழுது பார்த்தால், வேலி கட்டினால், மிஞ்சிய கம்பித் துண்டைக் கையோடு பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. ஆனாலும் ஏரிக்கரையில் அவை கிடக்கின்றன. மேய்ச்சல் இடத்தில் கழிவு கொட்டுவதைக் கண்டால் படம் எடுத்து ஊராட்சியிலும் கிராம சபைக் கூட்டத்திலும் எழுத்தில் கொடுங்கள். ஒருவர் சொன்னால் கேட்க மாட்டார்கள். மாடு வைத்திருக்கும் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் கேட்பார்கள். நம் வீட்டுக் காய்கறிக் கழிவைப் பையில் கட்டித் தெருவில் வீசும் பழக்கத்தையும் அன்றே விட்டுவிட வேண்டும். அடுத்தவர் மாட்டின் வயிற்றில் போவது நம் வீட்டுப் பையாகவும் இருக்கலாம்.

இன்று மாலை பால் கறக்கும்போது, உங்கள் மாட்டின் இடப்பக்கப் பள்ளத்தில் ஒருமுறை கை வைத்துப் பாருங்கள். அது அசைகிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்கப் போங்கள். சந்தேகம் இருந்தால் நாளைக் காலையே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.